மயில்கழுத்து நிறத்தில் ஒரு கப்கேக்

இருபத்தாறு வருடம் பனியன் கம்பெனிகளில் குவாலிட்டி வேலை பார்த்தேன். அதில் கடைசிப் பதினொரு வருடம் ஒரே கம்பெனியில், குவாலிட்டி மேனேஜராக. எத்தனையோ ரிப்போர்ட் எழுதியிருக்கிறேன். அவற்றில் ஒன்று பொய். அந்த ஒன்றைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் மற்ற ரிப்போர்ட்டுகளை எப்படி எழுதுவது என்று வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

1. பானைக்குள் பருத்தி

இரண்டாயிரங்களின் பின்பாதி. எங்கள் கம்பெனி குழந்தைகள் துணி மட்டும் செய்தது. ஐரோப்பாவில் ஒரு பையர், எங்களிடம் துணி வாங்கும் கம்பெனி. ஒரு சீசனுக்குப் பெண் குழந்தைகளின் டீ-ஷர்ட், அதே பிரிண்டில் இரவு உடை என்று ஆர்டர் கொடுத்தார்கள். நெஞ்சில் அச்சடிக்க வேண்டிய படங்கள் ஆறு, மெயிலில் வந்தன. ஆறும் கப்கேக். ஒன்று முள்ளெலி மாதிரி. ஒன்று ஆட்டுக்குட்டி மாதிரி. ஒன்றுக்கு மீசை, ஒன்றுக்கு மூக்குக்கண்ணாடி, ஒன்றுக்குத் தொப்பி. ஆறாவது, எட்டுக் கால்களைக் கப்புக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டு சிரிக்கும் ஆக்டோபஸ்.

எங்கள் முதலாளி சோமனூரில் தறி ஓட்டிய குடும்பத்திலிருந்து வந்தவர். எதையும் விரலால் தொட்டுப் பார்த்துத்தான் நம்புவார். அந்தக் காகிதத்தையும் தொட்டுப் பார்த்தார். பனியன் வேலைக்கு வருமுன் நான் இரண்டு வருடம் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்ததால் என்னை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்.

"ஏனுங்க வாத்தியாரே, இது என்னங்க, பானைக்குள்ள பருத்தி வெடிச்சாப்பல இருக்குது?"

"கப்கேக்குங்க. அந்தப் பக்கமெல்லாம் இப்ப இதுதானுங்களாம். விதவிதமாச் செஞ்சு, கடை முன்னால வரிசையில நின்னு வாங்கறாங்களாம்."

"செரி. கேக்குக்கு எதுக்குங்க மீசை?"

எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்திருந்தேன். பாடத்தில் இது வரவில்லை.

பிரிண்டிங் மாஸ்டர் அதைப் பூந்தொட்டி என்றார். கட்டிங் மாஸ்டர் காலிஃபிளவர் என்று உறுதியாகச் சொன்னார். மொத்தமாக அச்சடிக்கும் முன் ஒரு துண்டுத் துணியில் மாதிரி அடித்துக் காட்டுவார்கள். அதை ஸ்ட்ரைக் ஆஃப் என்போம். ஆறு ஸ்ட்ரைக் ஆஃபும் வந்தன. நான் நிறம் பார்த்தேன், அளவு பார்த்தேன், ஓகே போட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவை செக்கிங் டேபிளைத் தாண்டும்போது ஸ்டெல்லா என்ற செக்கர் ஆக்டோபஸின்மேல் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி என்னிடம் கொண்டுவந்தாள். குறை இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டும் ஸ்டிக்கர் அது.

"சார், இது தலகீழா நிக்கி."

"எது?"

"இந்தப் படம். இது கேக்குல்லா. கப்பு கீழ வரணும், காலு தொங்கணும். இவங்க விளக்கக் கவுத்தி வெச்ச மாதிரி அடிச்சிருக்காங்க."

ஓகே போட்டவன் நான். அவள் அதைச் சொல்லவில்லை. ஸ்டிக்கரை மட்டும் விட்டுவிட்டுப் போனாள்.

2. கேட் பக்கத்து ரூம்

ஸ்டெல்லாவுக்குத் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கிராமம். கணவர் எங்கள் கம்பெனியிலேயே டெய்லர். முதல் இரண்டு வருடம் அவள் பிரிண்டிங் செக்‌ஷனில் இருந்தாள். பிறகு செக்கிங்குக்கு வந்தாள். நல்ல செக்கரின் கண் எப்போதும் ஒரே வழியில் போகும். கழுத்து, தோள், கை, பக்கம், அடி. எவ்வளவு அவசரமென்றாலும் தாண்டாது. அப்படி ஒரு கண் எங்கள் கம்பெனியில் அவளுக்குத்தான் இருந்தது.

வீட்டில் ஒரு பழைய ஓவன் வைத்திருந்தாள். கிறிஸ்துமஸுக்குத் தையல் லைன் முழுக்க அவளுடைய கேக்தான். பிறந்தநாள் என்றாலும் அவளிடம்தான் சொல்வார்கள். எங்கள் கேட்டை ஒட்டி, ரோட்டைப் பார்த்து ஒரு ரூம் சும்மா கிடந்தது. முன்பு வாட்ச்மேன் தங்கியது. அதைத் தனக்குக் கொடுத்தால் கேக் கடை வைத்துக்கொள்வேன் என்று அவள் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். முதலாளியிடம் நேராகக் கேட்கத் தயக்கம். என் மூலமாகக் கேட்டாள். நானும் சொல்கிறேன், சொல்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆக்டோபஸ் விஷயம் முதலாளி காதுக்குப் போனது. அவர் சிரித்தார். பிறகு யோசித்தார். அவர் யோசித்தால் யாருக்காவது கூடுதல் வேலை வரும்.

"வாத்தியாரே, பையரம்மா இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றாங்கல்லங்க? அடுத்த சீசனும் நமக்கா, பக்கத்துக் கம்பெனிக்கான்னு அன்னைக்குத்தான் முடிவு. நம்ம பனியன்ல இருக்கற ஆறையும் அப்படியே கேக்காச் செஞ்சு டேபிள் மேல வெச்சுப்போட்டா எப்புடீங்க இருக்கும்?"

ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார்.

"ஏ அம்மிணி, உன்னால முடியுமா?"

"முடியும் சார்."

"அந்தக் கேட் ரூமை நீ கேட்டுட்டிருக்கறதா வாத்தியார் சொன்னாரு." நான் சொல்லவே இல்லை. வாட்ச்மேன் சொல்லியிருக்கிறார். "இது நல்லபடியா முடியட்டும். ரூமை எடுத்துக்க. நானே வெள்ளையடிச்சுத் தர்றேன்."

அவள் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டேன்.

3. அளவுப் பட்டியல்

இங்கேதான் என் படிப்பு குறுக்கே வந்தது. முதலாளி சொன்னது ஒரு பலகாரம். நான் அதை ஆர்டராக மாற்றினேன். ஒவ்வொரு கேக்குக்கும் ஸ்டைல் நம்பர் கொடுத்தேன். மெஷர்மென்ட் சார்ட் போட்டேன். குறுக்களவு இவ்வளவு, உயரம் இவ்வளவு, ஏற்ற இறக்கம், அதாவது டாலரன்ஸ், இவ்வளவுக்குள். ஆக்டோபஸ் கால் எட்டு, நீளம் சமம். முள்ளெலிக்கு ஒரு அங்குலத்துக்கு எத்தனை முள் என்று ஒரு கட்டம். ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணிப் பழகிய கை, அது தானாகவே எழுதியது.

ஸ்டெல்லா அந்தக் காகிதத்தைக் கழுத்திலிருந்து அடிவரை பார்த்தாள்.

"சார், ஓவனுக்குள்ள போனா மாவு தன்னால எந்திரிக்கும். அதுகிட்டப் போயி டாலரன்ஸ் சொல்ல முடியுமா?"

"ஷ்ரிங்கேஜ் கணக்குப் போட்டுச் செய்."

"துணி சுருங்கும் சார். இது பொங்கும்."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. "பொங்கறதுக்கும் ஒரு கணக்கு இருக்கும்" என்றேன்.

முதல் சாம்பிள் மூன்று நாளில் வந்தது. சின்னச் சின்னக் கிண்ணங்களில் பட்டர் பேப்பர் சுற்றி வேகவைத்திருந்தாள். முள்ளெலிக்கு முள்ளாக வறுத்த சேமியாவை ஒவ்வொன்றாகக் குத்தியிருந்தாள். ஆட்டுக்குட்டியின் ரோமம் தேங்காய்த் துருவல். மூக்குக்கண்ணாடி, வெல்லப்பாகைக் கம்பியாக இழுத்து வளைத்தது. மீசையை மட்டும் எங்கள் முதலாளியின் மீசை மாதிரி வைத்திருந்தாள். கேட்டதற்குத் தற்செயல் என்றாள்.

ஆறோடு ஏழாவதாக ஒன்றும் இருந்தது. நூல் கோன். கப்புக்குமேல் வெள்ளைக் கிரீமை நூல் சுற்றியதுபோல் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, உச்சியில் கூம்பாக முடித்திருந்தாள். ஒரு நுனி இழை மட்டும் கீழே தொங்கியது, எடுத்து ஊசியில் கோக்கலாம் போல.

"இது என்ன?"

"இது நம்ம ஊரு கேக்கு சார். அவங்க ஊருதே ஆறு இருக்கு. நம்மளுது ஒண்ணு இருக்கட்டுமேன்னு."

"இது ஆர்டர் ஷீட்ல இல்ல. எடுத்துடு."

எடுத்துவிட்டாள். அந்த ஏழில் அதுதான் உண்மையிலேயே புதிது. எனக்கு அப்போதே தெரிந்தது. ஆனால் அதற்கு ஸ்டைல் நம்பர் இல்லை.

4. மயில்கழுத்து

ஐந்து கேக்குகள் இரண்டாவது சாம்பிளிலேயே ஓகே ஆகிவிட்டன. ஆக்டோபஸ் ஆகவில்லை. பையரின் நிறம் நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. புடவைக் கடையில் மயில்கழுத்து என்பார்களே, அது. மளிகைக் கடையில் கிடைக்கும் கேக் கலர்களை ஸ்டெல்லா கலந்து கலந்து பார்த்தாள். ஒன்று பாசி மாதிரி வந்தது. ஒன்று ஸ்கூல் யூனிஃபார்ம் மாதிரி வந்தது.

துணியின் நிறத்தை ஒத்துப்பார்க்க லைட் பாக்ஸ் என்ற பெட்டி உண்டு. அதற்குள் பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், வீட்டு வெளிச்சம் மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்போம். நான் கேக்கை லைட் பாக்ஸுக்குள் வைத்தேன். அந்தப் பெட்டியில் எறும்பு வந்தது அதுதான் முதல் முறை. மூன்று தடவை கொண்டுவந்தாள். மூன்று தடவையும் "நாட் மேச்சிங், ரீசப்மிட்" என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.

"சார், இது வாயில போடுத சாமான். உடுத்துதது இல்ல. அந்தம்மா என்ன, துணியக் கையில வெச்சுக்கிட்டா கேக்கத் திங்கப்போவுது?"

"பையர் கண்ணு நமக்குத் தெரியாதும்மா. கொண்டுவந்த துணியை வெச்சுப் பார்த்தாலும் பார்ப்பாங்க."

பையர் வரும் நாள் காலை அவள் எல்லாவற்றையும் கேன்டீனுக்குக் கொண்டுவந்துவிட்டாள். ஐந்து வகை தயார். ஆக்டோபஸுக்கு மட்டும் நிறம் ஓகே ஆகாததால் கிரீம் வெள்ளையாகவே கிண்ணத்தில் இருந்தது. கடைசியாக அவள் கலந்த நீலத்தையும் நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அவள் ஐந்து தட்டுகளை அடுக்க மேலே மீட்டிங் ரூமுக்குப் போனாள்.

நான் பிரிண்டிங் லேபுக்குப் போனேன். ஆக்டோபஸுக்கென்று கலந்து வைத்த பிக்மென்ட் பேஸ்ட் அங்கே டப்பாவில் இருந்தது. துணியில் அச்சடிக்கும் சாயப்பசை. அதற்கு ஒரு சான்றிதழ் உண்டு. கைக்குழந்தை டீ-ஷர்ட்டைச் சப்பினாலும் கெடுதல் இல்லை என்று லேபரட்டரி கொடுத்த சான்றிதழ். அதை வாங்கி ஃபைல் போட்டவன் நான்தான். சப்பலாம் என்றால் சாப்பிடலாம் என்று நினைத்தேன். இதைவிடப் படித்த ஒரு முட்டாள்தனத்தை நான் பிறகு செய்யவில்லை.

கிரீமில் ஒரு கரண்டி நிறையப் போட்டுக் கலக்கினேன். பேஸ்ட்டில் லேசாக மண்ணெண்ணெய் வாடை இருந்தது. அதனால் வெனிலா எசன்ஸ் இரண்டு மூடி ஊற்றினேன். வாடையை மறைக்க வேண்டும் என்று தோன்றியவனுக்கு மற்றதும் தோன்றியிருக்க வேண்டும்.

கொஞ்சம் எடுத்து லைட் பாக்ஸில் வைத்தேன். மூன்று வெளிச்சத்திலும் அச்சு அசலாக ஒத்துப்போனது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டெல்லா கீழே வந்தாள்.

"இது வெளிநாட்டுக் கேக் கலர். ஒரு ஃப்ரெண்டு கொடுத்தான்" என்றேன்.

அவள் நிறத்தைப் பார்த்தாள். "நீங்க ஜெயிச்சிட்டீய சார்" என்று சொல்லிவிட்டு, பால் கவரின் மூலையை வெட்டி அதில் கிரீமை நிரப்பி, எட்டு எட்டுக் கால்களாகப் பிழிய ஆரம்பித்தாள். எட்டும் ஒரே நீளம். அளந்து பார்த்தேன்.

5. ஷேடு வேரியேஷன் இல்லை

பையரம்மா உள்ளே வந்து டேபிளைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். டீ-ஷர்ட்டுகளை ஒவ்வொரு தட்டுக்கும் பின்னால் மாட்டியிருந்தோம். எல்லாவற்றையும் போட்டோ எடுத்தார். முள்ளெலியின் முள் எது என்று கேட்டார். சேமியா என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் வரவில்லை, பாயசத்துக்குப் போடுவது என்றேன். யார் செய்தது என்று கேட்டார். ஸ்டெல்லாவைக் கூப்பிட்டோம். பையரம்மா அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். செக்கிங் டேபிளில் இருப்பவர்களோடு பையர் கை குலுக்கி நான் அதுவரை பார்த்ததில்லை. முதலாளி என் காதில் சொன்னார்:

"நாளைக்கே வெள்ளையடிச்சுப்போடலாமுங்க."

பையரம்மா ஆக்டோபஸை எடுத்தார். அவர் மட்டும் சாப்பிட்டால் மரியாதையில்லை என்று முதலாளியும் ஒரு ஆக்டோபஸை எடுத்தார். இரண்டு பேரும் கடித்தார்கள்.

"வாத்தியாரே, என்னமோ கசக்குதுங்களே?"

"அந்த ஊர் டேஸ்டுங்க."

பையரம்மா என்னமோ சொல்ல வாயைத் திறந்தார். நாக்கு மயில்கழுத்து. முதலாளி பதிலுக்குச் சிரித்தார். அவர் நாக்கும் மயில்கழுத்து. இரண்டும் ஒரே நிறம், ஷேடு வேரியேஷன் இல்லை. என் மனதில் முதலில் வந்தது இதுதான்.

தண்ணீர் கொடுத்தோம். போகவில்லை. டிஷ்யூவால் துடைத்தார்கள். உதட்டுக்கும் பரவியது. இந்தப் பேஸ்ட் துணியில் பிடிக்க நூற்றைம்பது டிகிரி சூடு வேண்டும். நாக்கில் பிடிக்க எதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்தச் சூட்டில் வெந்து துணியோடு சேர்ந்த பிரிண்டுக்குத்தான் சான்றிதழ், டப்பாவில் இருக்கும் பசைக்கு இல்லை என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பையரம்மா வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார். வாஷ்பேசினில் வாந்தி எடுத்தார். அடுத்து முதலாளி.

முதலாளி முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"ஏ அம்மிணி, என்னத்தப் போட்டே இதுல?"

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த ஃபைலைத் திறந்து பார்த்தேன். அதில் மெஷர்மென்ட் சார்ட் இருந்தது.

"கலருதான் சார்" என்றாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள். ஒரு டீ-ஷர்ட்டைக் கழுத்திலிருந்து அடிவரை பார்க்க ஆகும் நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு கீழே போனாள்.

இருவரையும் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனோம். என்ன சாப்பிட்டார்கள் என்று டாக்டர் கேட்டார். "கேக் கலர்" என்றேன். மருத்துவரிடம் சொன்ன பொய் மற்றப் பொய்களைவிடப் பெரியது. சாயங்காலத்துக்குள் இருவரும் தேறிவிட்டார்கள். அது என்னால் அல்ல. நாக்கின் நிறம் போக இரண்டு நாள் ஆயிற்று.

6. ரூட் காஸ்

பையர் ஆர்டரை ரத்து செய்யவில்லை. துணியில் குறை இல்லையே. அவர்கள் கேட்டது ஒரு ரிப்போர்ட் மட்டும்: என்ன நடந்தது, மூலகாரணம் என்ன, இனி நடக்காமலிருக்க என்ன செய்வீர்கள். ரூட் காஸ், கரெக்டிவ் ஆக்‌ஷன் என்று இரண்டு கட்டம். அதை எழுதும் வேலை குவாலிட்டி மேனேஜருடையது.

ரூட் காஸ் கட்டத்தில், பயிற்சியில்லாத பணியாளர் தரமில்லாத கலரைப் பயன்படுத்தினார் என்று எழுதினேன். கரெக்டிவ் ஆக்‌ஷன் கட்டத்தில், அந்தப் பணியாளர் நீக்கப்பட்டார் என்று எழுதினேன். நல்ல ஆங்கிலம். ஒரு இலக்கணப் பிழை இல்லை. எழுதியபோது அவள் நீக்கப்படவில்லை. எழுதிவிட்டதால் நீக்க வேண்டியதாயிற்று.

"பாவமுங்க வாத்தியாரே, நல்ல பொண்ணு" என்றார் முதலாளி. "வேற வழி இல்லீங்களா?"

வேற வழி என் வாய்க்குள் இருந்தது. "பையருக்கு அனுப்பியாச்சுங்க" என்றேன்.

இப்படிப்பட்ட ரிப்போர்ட்டின் ஒரு நகலை நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும் என்பது ஆடிட் விதி. ஒட்டினேன். ஆங்கிலம் தெரிந்த சூப்பர்வைசர்கள் லைனில் எல்லோருக்கும் சொன்னார்கள். இரண்டே நாளில் அவளுக்குச் சாயக் கேக்குக்காரி என்று பேர் வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்குச் சொல்லிவைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வேண்டாம் என்றார்கள். கணவரும் வேலையை விட்டு நின்றார். ஊருக்குப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். கேட் பக்கத்து ரூமில் செல்போன் ரீசார்ஜ் கடை வந்தது. வெள்ளை அடித்துத்தான் கொடுத்தார்கள்.

அடுத்த சீசன் ஆர்டரும் எங்களுக்கே வந்தது. மறுவருட ஆயுதபூஜையன்று முதலாளி எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார். சேவூரில் என் வீட்டு ஹாலில் அது இன்னும் ஓடுகிறது.

7. மாற்றி எழுதியது

நான் ரிட்டயர் ஆகி, அந்தக் கம்பெனியும் மூடி, சில வருடம் கழித்து, தாராபுரத்தில் ஒரு பிறந்தநாள் விசேஷத்துக்குப் போனேன். தட்டில் வைத்து ஒரு கேக் கொடுத்தார்கள். நூல் கோன். வெள்ளைக் கிரீம், குறுக்கும் நெடுக்கும் சுற்று, கீழே தொங்கும் ஒரு இழை. என்னால் சாப்பிட முடியவில்லை. எங்கே வாங்கியது என்று கேட்டேன். குண்டடத்தில் என்றார்கள்.

அடுத்த வாரம் போனேன். பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் சின்னக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டு வண்டி கேக், முருங்கைக்காய் கேக், டிராக்டர் கேக். ஊரிலேயே தங்கிவிட்டாள் என்று நான் நினைத்திருந்த ஸ்டெல்லாதான் உள்ளே இருந்தாள், தலை நரைத்திருந்தது. என்னை உடனே தெரிந்துகொண்டாள்.

"வாங்க சார். இருங்க. சுகர் இருக்கா உங்களுக்கு?"

"இருக்கு."

"அப்போ டீ மட்டும் குடிங்க."

சொல்ல வேண்டியதை நின்றுகொண்டே சொன்னேன். பேஸ்ட், எசன்ஸ், ஃபைல், ரிப்போர்ட், எல்லாம். அவள் ஒரு முருங்கைக்காய்க்குப் பச்சை பூசிக்கொண்டே கேட்டாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் சார். கீழ வந்து கிண்ணத்தக் கழுவுனேன். கலரு ரப்பர் மாதிரி உரிஞ்சு கையோட வந்துச்சு. ரெண்டு வருசம் பிரிண்டிங்ல இருந்தவளுக்கு அது தெரியாதா?"

"அப்ப ஏம்மா நீ சொல்லல?"

"நான் சொன்னா ஆரு நம்புவா? செக்கர் சொல்லுதாளா, மேனேஜர் சொல்லுதாரான்னுதான பாப்பாவ. நீங்க சொன்னாத்தான் உண்டு. சொல்லுவீயன்னு நெனச்சேன். கடைசிச் சம்பளம் வாங்கிட்டுப் போன அன்னைக்கு வரைக்கும் நெனச்சேன்."

மன்னித்துவிடு என்றேன்.

"அது எனக்கு என்னத்துக்கு சார்? எழுதுனீயல்லா, அத மாத்தி எழுதுங்க. தமிழ்ல எழுதுங்க. அன்னைக்கு இங்கிலீஷ்ல எழுதி ஒட்டிட்டீய. எனக்கு வாசிக்கத் தெரியல. அடுத்தவங்க வாசிச்சுச் சொல்லித்தான் நான் என்ன தப்பு செஞ்சேன்னே எனக்குத் தெரிஞ்சுது."

அந்த ஃபைல் எடைக்குப் போய்விட்டது. நோட்டீஸ் போர்டு இருந்த சுவரும் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். குவாலிட்டி வேலைக்கு வரும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. ஒன்று, எதைச் சோதித்தார்களோ அதற்கு மட்டும்தான் சான்றிதழ். இரண்டு, ரூட் காஸ் கட்டத்தில் இன்னொருவரை எழுதும் முன் உங்கள் பெயரை அங்கே எழுதிப் பாருங்கள். பொருந்தினால் அப்படியே விட்டுவிடுங்கள்.

மாற்றி எழுதிய ரிப்போர்ட் இது. ரூட் காஸ்: குவாலிட்டி மேனேஜர் துணிச் சாயத்தை உணவில் கலந்தார், கேட்டபோது வாய் திறக்கவில்லை. ஸ்டெல்லா செய்ததில் குறை எதுவும் இல்லை. கரெக்டிவ் ஆக்‌ஷன்: தாமதம்.

இந்தக் குறிப்பை முதலிலிருந்து கடைசிவரை எழுதி, குண்டடம் கொண்டுபோய் ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். மேலிருந்து கீழே, ஒரு வரிகூடத் தாண்டாமல், பழைய வழியிலேயே படித்தாள். நான்காம் பகுதியில் விரல் நின்றது.

"'கொஞ்சம் போட்டுக் கலக்கினேன்'னு எழுதியிருக்கீய."

"ஆமா."

"ஒரு கரண்டி நிறையப் போட்டிருக்கீய சார். அந்தக் கரண்டியக் கழுவுனது நாந்தான."

பேனா வாங்கி அங்கேயே திருத்தினேன்.